படராத நாலடி

— பதினொண்ணு. எண்ணிக்கோங்க, இது பதினோராவது தடவை.

— எது?

— எதுவா? விடிஞ்சதும் முற்றத்துல குத்துக்கால் போட்டு உக்காந்திருக்கேனே, காத்தா வாங்கறேன்? ஊதாப்பூங்க. போன வாரம் நட்டது. இதோ பாருங்க, தொட்டா கையோட வருது. வேரெல்லாம் கறுத்து அழுகிப் போச்சு. மோந்து பாருங்க.

— டீ குடிச்சிட்டிருக்கேன்.

— குடிங்க, குடிங்க. உங்களுக்கென்ன. சுத்தி எல்லாப் பக்கமும் பாய் விரிச்ச மாதிரி கிடக்குது. வாசல் கேட் பக்கத்துல ஒரே ஒரு தண்டுத் துண்டு வச்சேன், மூணு வருஷத்துல தண்ணித் தொட்டி வரைக்கும் போயிடுச்சு. சைக்கிள் ஏறினாலும் பூக்குது. துணி காயப்போடற இடத்துல நாள் பூரா மிதிபட்டும் பூக்குது. தரையோட தரையா படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, வருஷக்கணக்கா சாகாம கிடக்கற செடிங்க இது. ரோஜா மாதிரி நொய்நொய்ங்கற ஜாதியும் இல்ல. நட்ட நடுவுல இந்த நாலடிக்கு நாலடி மட்டும் சொட்டைத் தலையாட்டம் இருக்கு. ஏன்? சொல்லுங்க பாக்கலாம்.

— நாலரை.

— என்ன நாலரை?

— நாலடிக்கு நாலரை இருக்கும். பாத்தா அப்படித்தான் தெரியுது.

— அதானே. செடி ஏன் சாகுதுன்னு கேட்டா அளவு சொல்லுவீங்க. டைல்ஸ் போடறவர்கிட்ட கேட்டது என் தப்பு.

— எறும்பா இருக்கும்.

— போன வருஷமும் எறும்புன்னீங்க. பொடி வாங்கிப் போட்டேன், ரெண்டு நாள் தும்மினதுதான் மிச்சம். அதுக்கு முந்தி எதிர்வீட்டு நாயின்னீங்க. முள்ளு வெட்டி வச்சேன். நாய் ஜோரா தாண்டிப் போயிடுச்சு, என் கால்ல குத்தி ரெண்டு வாரம் நொண்டினேன். அப்புறம் துண்டு சரியில்லன்னீங்க. எங்க தம்பிகிட்ட சொல்லி நர்சரியில இருந்தே வேரோட வாங்கிட்டு வந்து வச்சேன். அதுவும் மண்டையப் போட்டுச்சு.

— அந்த இடத்தை விட்டுடேன். பெரிய தொட்டி ஒண்ணு தூக்கி வச்சா மறைஞ்சிடும்.

— நாலடிக்கு நாலரைக்குத் தொட்டியா? அதுல என்ன வைக்கச் சொல்றீங்க, தென்னைமரமா?

— சரி, விடு.

— விட முடியாதுங்க. வெள்ளிக்கிழமை பாப்பா பேரனைக் கூட்டிட்டு வர்றா. மறந்துட்டீங்களா? போன தடவை குட்டி ஓடி வந்து இந்தச் சேத்துலதான வழுக்கி விழுந்தான். தாடையில ரெண்டு தையல். மூணு வயசுகூட ஆகாத பிள்ளை. முற்றத்தைச் சரி பண்ணாம இனி இவனக் கூட்டிட்டு இந்தப் பக்கம் வர மாட்டேன்மான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனவ. ஏழு மாசம் கழிச்சு இப்பதான் மனசு இறங்கியிருக்கா. எல்லாம் சரி பண்ணியாச்சு, பூவா மூடிக் கிடக்கு, வாடின்னு போன்ல சொல்லிட்டேன். வந்து பாத்தா என்னை என்ன நினைப்பா?

— மழை இல்லையே. சேறு இருக்காது.

— வானத்துக்கு நீங்க லெட்டர் போட்டு வச்சிருக்கீங்களா? மத்த இடத்துல மழை பெஞ்சா அரை மணி நேரத்துல தண்ணி உள்ள போயிடுது. இங்க மட்டும் நாலு நாள் குட்டையா நிக்குது. அதுவும் எனக்குப் புரியல. ஒண்ணுமே புரியல. இருபத்தாறு வருஷமா கேக்கறேன், முற்றத்துக்குத் தரை போடுங்கன்னு. ஊர்ல உள்ளவன் வீட்டு வாசலெல்லாம் கண்ணாடியாட்டம் போட்டுக் குடுத்துட்டு வர்றீங்க. டைல்ஸ்காரர் வீடு எதுன்னு கேட்டா, மண்ணா கிடக்குதே அதுதான்னு அடையாளம் சொல்றாங்க.

— போடலாம்னுதான்...

— அடுத்த மாசம். தெரியும். எந்த வருஷத்து அடுத்த மாசம்னுதான் தெரியல. நீங்க போட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் பூவாவது மூடட்டும்னு நட்டேன். பூவும் உங்களை மாதிரியே, இந்த வீட்டுல மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது. போதும். நேத்தே முடிவு பண்ணிட்டேன்.

— என்ன முடிவு?

— நாளைக்கு ஆள் வருது. இருக்கற பூவையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, கேட்டுல இருந்து தொட்டி வரைக்கும் டைல்ஸ்.

— யாரைக் கேட்டு?

— யாரைக் கேக்கணும்?

— நான் ஒருத்தன் வீட்டுல இருக்கேன்ல. யாரு வர்றது?

— நம்ம ஒல்லிப்பய இருக்கானே, அவன் ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். உங்ககிட்ட கரண்டி பிடிக்கக் கத்துக்கிட்டவன்தான. இப்ப பெரிய ஆளாயிட்டான், நாலு இடத்துல வேலை நடக்குதாம், போன் எடுக்கத் தனியா ஒரு பொண்ணு வச்சிருக்கான். அந்தப் பொண்ணுகிட்ட விலாசம் குடுத்துட்டேன்.

— ஒல்லி ஆபீஸா?

— ஏன், டீ புரையேறுதா? மெதுவா குடிங்க.

— அந்த ஆபீஸ் வேண்டாம். நான் வேற ஆள் பாக்கறேன்.

— அடுத்த மாசமா?

— அக்கா, கேட்டைத் தொறந்து போட்டுட்டுத்தான் சண்டை போடுவீங்களா ரெண்டு பேரும்? தெருமுனையில வண்டியத் திருப்பும்போதே கேக்குது.

— வாடா தம்பி. நீயே வந்து பாரு. நீ குடுத்த பதினொண்ணாவது நாத்தும் போச்சு.

— பன்னெண்டாவதுக்கு ஒரு தட்டு முழுக்க கொண்டு வந்திருக்கேன். மாமா, என்ன, இன்னிக்கு வேலை லீவா?

— ஞாயித்துக்கிழமை, மாப்ள.

— எங்களுக்குத்தான் ஞாயிறும் இல்ல திங்களும் இல்ல. வண்டியில அஞ்சு வீட்டுச் செடி நிக்குது, அரை மணி நேரம்தான் இருப்பேன். எங்க முதலாளியம்மா சொல்லுவாங்க, செடிக்கு வாய் கிடையாது, மண்ணுகிட்டதான் கேக்கணும்னு. தள்ளுக்கா, நான் கேக்கறேன்.

— உங்க முதலாளியம்மா சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. மணல் கலந்தேன். மக்கின எரு போட்டேன். எரு ஜாஸ்தின்னே, அள்ளிக் கொட்டினேன். வெயில் போதலைன்னே, அந்தப் பக்கம் இருந்த கறிவேப்பிலைக் கிளையை வெட்டினேன். இந்த வேலையெல்லாம் உங்க முதலாளியம்மா குனிஞ்சு செஞ்சிருந்தா இடுப்பு வலி என்னன்னு தெரிஞ்சிருக்கும்.

— கோவிச்சுக்காத. அக்கா, இது என்ன, அமுக்கினா தண்ணி கசியுது?

— எங்க?

— கையை வை. சொதசொதன்னு இருக்கு. மழை பெஞ்சு பத்து நாளாச்சே. எத்தனை தடவை சொன்னேன், இந்தச் செடிக்குக் கால் நனையக்கூடாதுன்னு? காய்ஞ்சு கிடந்தாத்தான் இது கொண்டாட்டமா பூக்கும். தண்ணி நின்னா செத்துப் போகும். நீ ஏன் ஊத்தற?

— நான் எங்கடா ஊத்தறேன்? நீ சொன்னதுல இருந்து ஒரு சொட்டு ஊத்தல.

— அப்ப பூமியில இருந்து ஊத்து கிளம்புதா?

— ஏங்க.

— ம்.

— ஏங்க, உங்களைத்தான். கிளாஸுக்குள்ள என்ன தேடறீங்க?

— நான்தான் ஊத்தினேன்.

— எது?

— காலையில வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பக்கெட். நீ எழுந்திருக்கறதுக்கு முந்தி.

— தினமுமா?

— தினமும்னு இல்ல. வாடிக் கிடந்தா. பாவமா இருந்துச்சு.

— பாவமா இருந்துச்சாம். கேட்டியாடா? இந்த மனுஷன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. செடிக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு பக்கெட் பக்கெட்டா ஊத்தியிருக்காரு. ஊத்தியே கொன்னுட்டீங்களே.

— ஆமா. தப்பு என்னோடதுதான். ஒத்துக்கறேன். இனிமே ஊத்தல. மாப்ள, நீ நாத்தை வச்சுட்டுக் கிளம்பு, உனக்கு நேரமாகுது.

— இவ்வளவு சீக்கிரம் நீங்க எந்தத் தப்பையும் ஒத்துக்கிட்டதில்லையே.

— இல்ல மாமா, ஒண்ணு இடிக்குது. ஒரு பக்கெட் தண்ணி என்ன, ரெண்டு பக்கெட் ஊத்தினாலும் இந்த மண்ணு குடிச்சிடணும். பக்கத்துல பாருங்க, எப்படிப் பொலபொலன்னு இருக்கு. இங்க மட்டும் தண்ணி கீழ இறங்க மாட்டேங்குது. அடியில களிமண் படிஞ்சிருக்கும். வண்டியில கடப்பாரை இருக்கு, ரெண்டு குத்து குத்தினா தெரிஞ்சிடும். சிம்பிள்.

— வேண்டாம்.

— ஏன் மாமா?

— அடியில பைப்பு போகுது.

— பைப்பு அந்தச் சுவரோரமால்ல போகுது? போன வருஷம் ஒழுகினப்ப நீங்கதான காட்டினீங்க?

— இது பழைய பைப்பு.

— இருபத்தாறு வருஷமா இல்லாத பழைய பைப்பு இன்னிக்குத்தான் பிறந்துச்சா? நீ குத்துடா.

— மாப்ள, சொன்னா கேளு.

— நீ யாருக்குத் தம்பி? குத்து.

— தள்ளி நில்லுக்கா. மாமா, கால்.

— மெதுவா மாப்ள.

— இதோ, நல்லாத்தான இறங்குது. களிமண்ணெல்லாம்... அட.

— என்னடா, டங்குன்னுச்சு?

— கல்லு. இரு, கொஞ்சம் தள்ளிக் குத்தறேன். இங்கயும் கல்லு. இங்கயும். அக்கா, ஒரே பாறையா இருக்கு. ஆறு அங்குலம்கூட இல்ல. உன் களைக்கொத்தி இருக்கே, பொம்மை மாதிரி, அது நாலு அங்குலத்துக்கு மேல போகாது, அதான் உனக்குத் தட்டவே இல்ல. அடியில தட்டையா இது கிடந்தா தண்ணி எங்க போகும்? மழையில வேர் அழுகும். வெயில்ல அடுப்புல வச்ச மாதிரி வேகும். பாவம், பதினோரு நாத்து.

— பாறை எப்படிடா வரும் வீட்டு முற்றத்துல? வழிச்சு எடு மண்ணை.

— மாப்ள, போதும். மூடிடு.

— நீங்க சும்மா இருங்க. எடுடா.

— பாறை இல்லக்கா. சிமெண்டு. ஓரம் பாரு, நூல் பிடிச்ச மாதிரி நேரா வெட்டி விட்டிருக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்து. இதோ இந்த மூலையில வழவழன்னு... டைல்ஸ்.

— டைல்ஸா?

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மூணு அம்சமா உக்காந்திருக்கு. ஜாயிண்டுல நகம்கூட இறங்காது. நாலாவதுதான் கோணிக்கிட்டு ஒரு ஓரம் தூக்கலா நிக்குது. யாரோ கத்துக்குட்டி போட்டது போல.

— தள்ளு, நான் துடைக்கறேன். சாம்பல் கலர். ஓரத்துல நீலக்கோடு. ஏங்க, இது அந்தப் பல் டாக்டர் வீட்டுல நான் பாத்த டைல்ஸ் இல்ல? கால் வைக்கவே மனசு வரலன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே.

— ரெண்டு நாள் சொன்ன.

— இது எப்படி இங்க மண்ணுக்குள்ள? யாரு போட்டது?

— சாப்பிட்டுட்டுப் பேசலாம்.

— யாருங்க போட்டது?

— நான்தான்.

— நீங்க இப்படிக் கோணலா போட மாட்டீங்க.

— போட்டேன். அந்த நாலாவது.

— எனக்கு வண்டியில செடி வாடும். நான் கிளம்பறேன்கா. தட்டை இங்க வச்சிருக்கேன். மாமா, வர்றேன்.

— கேட்டைச் சாத்திட்டுப் போடா.

— நீயும் உள்ள வா. வெயில் ஏறுது.

— நான் வரல. இங்கயே சொல்லுங்க. இந்த இடத்துலயே நின்னு சொல்லுங்க.

— பாப்பா பிரசவத்துக்கு நீ போயிருந்தல்ல. நாப்பது நாள்.

— ஆமா.

— நீ திரும்பி வரும்போது முற்றம் பூரா போட்டு முடிச்சிருக்கணும்னு நினைச்சேன். சொல்லாம. நீ கேட்டைத் தொறந்து கால் வைக்க யோசிக்கணும்னு. அந்த டைல்ஸையே தேடி வாங்கினேன். முதல் நாள், முற்றத்தைக் கொஞ்சம் தாழ்த்தணும்னு இந்த ஆழத்துக்கு மண்ணை எடுத்துட்டு அடிக் கலவை போட்டேன், நாலடிக்கு நாலரை. மறுநாள் உக்காந்தேன். மூணு வச்சேன். நாலாவது வைக்கும்போது முட்டியில என்னவோ சொடக்குன்னுச்சு.

— முட்டியிலயா?

— அதுக்கு முந்தி ரெண்டு வருஷமாவே வலி இருந்துச்சு. முப்பது வருஷமா மண்டி போட்டே வேலை செஞ்ச காலு. அன்னிக்கு எழுந்திருக்க முடியல. காலை ஊன முடியல, திரும்பவும் முடியல. வெயில்ல அப்படியே மண்டி போட்டுக்கிட்டு இருந்தேன். தெருவுல போனவன் ஒருத்தன் பாத்து, வேலை ஜரூரா நடக்குது போலன்னான். ஆமான்னேன். மதியத்துக்கு மேலதான் தவழ்ந்து குழாய்கிட்ட போனேன். குழாயைப் பிடிச்சு எழுந்தேன்.

— கடவுளே.

— ரெண்டு நாள் கழிச்சு மண்ணை இழுத்து மூடிட்டேன். மிச்ச டைல்ஸைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கிட்டாரு. டாக்டர்கிட்டயும் போனேன். இனிமே முட்டி போட்டா நடக்க முடியாம போயிடும்னாரு.

— இதுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாது.

— எப்படிச் சொல்றது? டைல்ஸ்காரனுக்கு முட்டி போச்சுன்னு சொன்னா அப்புறம் அவன்கிட்ட என்ன இருக்கு? நீ வந்த அன்னிக்கே பையை இறக்கி வைக்கறதுக்கு முந்தி, பாப்பா வீட்டுல இருந்து ஈரத்துணியில சுத்திக் கொண்டு வந்த பூச்செடியைப் பிரிச்ச. ஒரு துண்டை கேட் பக்கத்துல வச்ச. ரெண்டாவதை நேரா இங்க கொண்டு வந்து வச்ச. மண்ணு இங்க நல்லா இளகியிருக்குன்னு சந்தோஷமா சொன்ன.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆமான்னேன்.

— ஆமான்னீங்க.

— ஒரு வாரத்துல செத்துடும், விட்டுடுவன்னு நினைச்சேன். நீ விடல.

— மூணு வருஷம். மூணு வருஷமா நான் குனிஞ்சு குனிஞ்சு நட்டதைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கீங்க. எறும்புன்னீங்க. நாயின்னீங்க. ஒரு நாள் என் கை சரியில்ல, நான் வச்சா எதுவும் விளங்காதுன்னு உங்க பக்கத்துல உக்காந்து அழுதேன். ஞாபகம் இருக்கா? முதுகைத் தட்டிக் குடுத்தீங்க. காலுக்கடியில சிமெண்டை வச்சுக்கிட்டு, அழாதேன்னு தட்டிக் குடுத்தீங்க.

— அன்னிக்குச் சொல்லியிருக்கணும்.

— அன்னிக்கு மட்டுமா? எனக்கு இப்ப வர்ற ஆத்திரத்துக்கு அந்தக் கடப்பாரையத் தம்பி எடுத்துட்டுப் போனதே நல்லதாப் போச்சு.

— நீ வச்சது சாகறதைப் பாக்க முடியாமத்தான் தண்ணி ஊத்தினேன். எப்படியாவது ஒண்ணு பொழைச்சிடாதான்னு. பொழைச்சா நீ தோண்ட மாட்ட.

— பொழைக்கவும் விடல, தோண்டவும் விடல.

— திட்டு. திட்ட வேண்டியதுதான்.

— திட்டி என்ன ஆகப் போகுது? முட்டியக் காட்டுங்க. வேட்டியத் தூக்குங்க. ஐயோ, இது என்ன இப்படி வீங்கியிருக்கு? ராத்திரி தைலம் தேய்க்கும்போது கெண்டைக்கால் பிடிப்பு, இடுப்பு வலின்னு என்னென்ன கதை சொன்னீங்க. சரி, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது. முட்டி போடாம தரை போட முடியாது. அப்ப இந்த மூணு வருஷமா காலையில பக்கெட்டும் கரண்டியுமா எங்க போறீங்க?

— வேலைக்குத்தான்.

— என்ன வேலை?

— சுவர் டைல்ஸ். சமையல்கட்டு, குளியலறை. நின்னுக்கிட்டே போடறது.

— அவ்வளவுதான? அதைச் சொல்றதுக்கென்ன? சுவருன்னா கௌரவம் குறைஞ்சு போச்சா?

— அப்படியெல்லாம் இல்ல.

— சொல்லியிருந்தா காலுக்கு வெந்நீர் ஒத்தடமாவது குடுத்திருப்பேன். பாப்பாகிட்டயும் அப்பா வீட்டு வேலை எதுவும் செய்ய மாட்டாருன்னு குறை சொல்லாம இருந்திருப்பேன். அவளும் உங்களைத் தப்பா நினைக்கறா. குட்டி கீழ விழுந்தப்ப உங்களைப் பாத்து ஒரு பார்வை பாத்தாளே, எனக்கே வலிச்சுது.

— வெள்ளிக்கிழமை சொல்லிடறேன் அவகிட்ட.

— சொல்லுங்க. நாளைக்கு வர்றவங்களுக்கும் வேலையை மாத்திடப் போறேன். டைல்ஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இந்தச் சிமெண்டை உடைச்சு அள்ளிட்டுப் போகட்டும். பூவைப் பிடுங்க வேண்டாம். குழியில மணலும் எருவும் கலந்து நிரப்பிட்டு, தம்பி வச்சுட்டுப் போன தட்டை நட்டுடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள மூடாது. ஆனா தண்ணி நிக்காது, குட்டி வழுக்க மாட்டான். ஏன் மூடலன்னு கேட்டா நெஜத்தைச் சொல்லிக்கலாம்.

— உடைக்கறதுக்கு நான் வேற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். ஒல்லி ஆபீஸ் மட்டும் வேண்டாம்.

— திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா? ஏன் வேண்டாம்?

— வேண்டாம்னா விடேன்.

— அவன் உங்ககிட்ட கத்துக்கிட்டவன், அவன் ஆளுங்க வந்து உங்க கோணல் டைல்ஸைப் பாத்துட்டுச் சிரிப்பாங்கன்னா?

— அது இல்ல.

— அதுதான். உங்க பெருமைதான் உங்க முட்டியவிட வீங்கிக் கிடக்குது. கேளுங்க, ஒண்ணு சொல்றேன். நேத்து சாயந்திரம் அந்த ஆபீஸ் பொண்ணு திரும்பக் கூப்பிட்டா. புதுசா சேந்தவளாம், ரொம்ப மரியாதையா பேசறா. ரெண்டு பேரை அனுப்பறோம்மா, வேலை செய்யறவர் ஒருத்தர், கூட ஒரு பெரியவர், அவர் கலவை கலந்து குடுக்க மட்டும்தான் வருவாரு, அவருக்கு முட்டி மடங்காது, கீழ உக்கார முடியாது, அதனால நாங்க போற வீட்டுல எல்லாம் முன்னாடியே சொல்லிடுவோம், ஒரு ஸ்டூல் போட்டு வச்சிடுங்கன்னா. கேக்கறீங்களா?

— கேக்கறேன்.

— அவரும் உங்களை மாதிரி ஒரு மனுஷன்தான. ஒரு காலத்துல பெரிய வேலைக்காரரா இருந்திருப்பாரு. இப்ப முடியல. முடியலன்னு வாயைத் தொறந்து சொல்லிட்டு, முடிஞ்சதைச் செஞ்சுட்டு, தலை நிமிந்து வீட்டுக்குப் போறாரு. அவர் பொண்டாட்டி அவருக்கு ராத்திரி ஒத்தடம் குடுப்பா. உங்களை மாதிரி ஒளிச்சு வச்சுக்கிட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தறாரா? நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க. அவர் வரும்போது நீங்களும் வீட்டுல இருங்க. கலவை கலக்கற கைதான, எனக்கு மணலும் எருவும் கலந்து குடுக்கச் சொல்றேன். பக்கத்துல உக்காந்து அவரைப் பாத்துக் கத்துக்கோங்க. அந்த ஸ்டூலை எங்க வச்சேன்னு வேற தெரியல, மேல பரண்ல கிடக்குதோ என்னவோ.

— ஸ்டூலைத் தேடாத. அது நான் வேலைக்குப் போற வீட்டுலதான் வேணும். நம்ம வீடுதான, படியில உக்காந்தே உனக்கு மண்ணு கலந்து தர்றேன்.